இருபதா, இருபத்தாறா

ஆளக் கூட்டிட்டு வாங்கன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க தம்பி. காலையில இருந்து மூணு கடை ஏறி எறங்கிட்டேன். மூணு பேரும் அதையேதான் சொன்னாங்க. ஓட்டறவங்கள நிக்க வெச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியுமாம். அவ வரமாட்டா. வர்றவளா இருந்தா நான் எதுக்குங்க திருப்பூர்ல இருந்து கோயமுத்தூருக்கு ஒத்தையா வண்டியப் போட்டுக்கிட்டு வர்றேன்?

கடை உங்களதுதானுங்களே? நல்லதாப் போச்சு. கடைசியாப் பாத்த கடைக்காரர்தான் உங்க பேரச் சொன்னாரு. அவருக்கு ட்ரையல்ஸ் சைக்கிள்னா என்னன்னே தெரியலீங்க. சீட் இல்லாத சைக்கிளுங்கன்னேன். சீட் தனியா வாங்கிக்கலாம்னு சொல்றாரு. ஐயா, சீட்டே கெடையாது, உக்காந்து ஓட்டற சைக்கிளே இல்ல, நின்னுக்கிட்டே கல்லு மேல, பெட்டி மேல, செவுத்து மேல துள்ளித் துள்ளி ஏறோணும், கால் தரையில பட்டாப் புள்ளி போச்சு, அப்பிடி ஒரு வெளையாட்டுன்னு பாடம் நடத்திப்போட்டு வர்றேன். உங்ககிட்ட அந்தத் தொந்தரவு இல்ல.

எனக்கு ஒரே ஒரு பதில் போதும். சக்கரம் இருபது இஞ்சா, இருபத்தாறு இஞ்சா? அத மட்டும் சொல்லுங்க. ஞாயித்துக்கெழம போட்டி. இன்னிக்கு வியாழன். சனிக்கெழம சாயங்காலத்துக்குள்ள பேரு குடுக்கோணும். அதுக்குள்ள சைக்கிள் எங்க வீட்டு வாசல்ல நிக்கோணும். இந்தத் தடவையும் அளவு தப்பிருச்சுன்னா எம்புள்ள எனக்கு இல்லீங்க. அவ்வளவுதான்.

இல்லீங்க, நிக்கறேன். உக்காந்தா எந்திரிக்க மாட்டேன். டீ வேண்டாம்.

என் பேரு சென்னியப்பன். கட்டிங் மாஸ்டருங்க, பனியன் கம்பெனியில. இருபத்தெட்டு வருசம் ஆச்சு. ஒரு ஆளு கேட்டுக்குள்ள நொழையறப்பவே மாரு என்ன, தோளு என்னன்னு சொல்லிப்போடுவேன். உங்களுக்கு நாப்பது. சரிதானுங்களே? பாருங்க. அப்பிடிப்பட்ட கண்ணு இது. அந்தக் கண்ணுக்கு இப்ப என்ன கெரகம் புடிச்சுதோ தெரியலீங்க.

எங்க தொழில்ல ஒண்ணு இருக்குதுங்க தம்பி. பனியன் துணி தண்ணி பட்டாச் சுருங்கும். நாப்பது அளவுன்னா நாப்பதுலயே வெட்ட மாட்டோம். சுருங்கறதுக்குக் கொஞ்சம் விட்டுத்தான் வெட்டோணும். அதே மாதிரி புள்ளைங்களுக்குத் தெச்சா வளர்றதுக்கு விடோணும். எம்புள்ளைக்கு ஒண்ணாவதுல தெச்ச யூனிபார்ம் பாவாடைய நாலாவது வரைக்கும் போட்டா. வருசம் ஒருக்கா மடிப்பப் பிரிச்சு விடுவேன். தெருவுல எல்லாரும் பாராட்டுவாங்க. ஒண்ணாவது படிக்கறப்ப அந்தப் பாவாட தடுக்கி விழுந்து முன்பல்லு ஒடஞ்சுது, அது வேற விசயம். பால்பல்லுதானுங்களே, மொளைச்சிருச்சு.

ஒரே பொண்ணுங்க. இருபத்தோரு வயசு. பதினாலு வயசுல போன்ல யாரோ ஒருத்தி பாறை மேல சைக்கிள்ல துள்றதப் பாத்துப்போட்டு, எங்க வீட்டு வாசப்படி மூணையும் சைக்கிள்லயே ஏறப் பாத்தா. பள்ளிக்கூடத்துக்குப் போற லேடீஸ் சைக்கிள்ல. மூணாம் நாள் ஏறிட்டா. நான் தடுத்தனா? தடுக்கலீங்க. பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்னு சொந்தக்காரங்க கேட்டப்ப, உங்க வேலையப் பாருங்கன்னு சொன்னவன் நான். க்ளப் எங்க இருக்குதுன்னு தேடிப் புடிச்சு, ஜெரால்டு மாஸ்டர்கிட்டக் கொண்டுபோயி விட்டவனும் நான். அவரு அவளப் பாத்தாரு, ஒரு இருபது இஞ்சுச் சைக்கிள எடுத்துக் குடுத்தாரு. அதே மாதிரி ஒண்ணு நானும் வாங்கிக் குடுத்தேன்.

இருபதுல அவ ஓட்டறத நீங்க பாத்திருக்கோணும் தம்பி. ஒரு எடத்துல நிக்க மாட்டா. பெட்டி மேல ஏறி, பின்சக்கரத்துல நின்னு, அப்பிடியே திரும்பி அடுத்த பெட்டிக்குப் போயிருவா. வெட்டுக்கிளியாட்டம். நடுவுல என்னையப் பாத்துச் சிரிப்பு வேற. நான் சுத்திக் கட்டியிருக்கற கயித்துக்கு இக்கட்ட நின்னுக்கிட்டு சத்தம் போடுவேன். தூக்கு, எறக்கு, பாத்து, எடது பக்கம்னு. எனக்கு ஓட்டத் தெரியாதுங்க. ஆனா பாக்கறவனுக்குத்தான தெரியும்.

பதினேழு வயசுல ஒரு போட்டியில ரெண்டாவது வந்தா. மொதல் வந்தவ இருபத்தாறு இஞ்சுல வந்தவ. நல்ல ஒயரம், வாட்டசாட்டம். பெரிய சக்கரமுங்களா, இவ துள்ளி ஏற வேண்டிய கல்லையெல்லாம் அவ சும்மா உருட்டியே தாண்டிட்டா. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்ல. எங்க பக்கம் எல்லாரும் ஒயரமுங்க. எங்க அக்கா இருபது வயசு வரைக்கும் வளந்துச்சு. இவளும் வளருவா. வளர்ற புள்ளைக்கு எதுக்குச் சின்ன சைக்கிள்? இருபத்தாறு வாங்கிட்டேன்.

அவகிட்டச் சொன்னனா? வாங்கினதுக்குப் பொறவு சொன்னேன். அப்பா, எனக்கு இருபதே போதும்ன்னா. போதும்னு சொன்னா முன்னேற்றம் எப்பிடி வரும்னு கேட்டேன். ஜெரால்டு மாஸ்டரும் சொன்னாரு, சின்ன ஒடம்புக்குச் சின்ன சக்கரம்தாங்க தூக்கறதுக்கு லேசு, பொண்ணே முடிவு பண்ணட்டும்னு. அவருக்குச் சைக்கிள் தெரியும். அளவு எனக்குத்தான தெரியும்? அப்பிடித்தான் அன்னிக்கு நெனச்சேன்.

அந்தப் பழைய இருபத ஈரோட்டுல ஒருத்தருக்குச் சும்மாவே குடுத்துட்டேன். ரெண்டும் வீட்டுல இருந்தா அவ சின்னதுலதான் ஏறுவா, பெருசு பழகவே பழகாது. அவ காலேஜ் போயிருந்தப்ப வந்து எடுத்துட்டுப் போனாங்க. சாயங்காலம் வந்தா. சைக்கிள் இருந்த எடத்தப் பாத்தா. சிமெண்டுல டயர் தடம் இருந்துச்சு. தண்ணி ஊத்திக் கழுவி விட்டா. சரி, மனசு மாறிட்டான்னு நான் சந்தோசப்பட்டேன்.

நாலு வருசம் தம்பி. கதவு நெலையில மாசாமாசம் நிக்க வெச்சுப் பென்சில்ல கோடு போட்டேன். நாப்பத்தெட்டுக் கோடு இருக்கும். எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து ஒரே கோடாட்டம் தடிச்சுக் கெடக்குது. நாலடி பதினொண்ணு. முட்டை குடுத்தேன், பால் குடுத்தேன், வாசல்ல கம்பி கட்டித் தொங்க வெச்சேன். வளரல. சரின்னு சைக்கிள மாத்தினேன். கைப்பிடிய எறக்கினேன், அதுக்குக் கீழ இருக்கற தண்ட மாத்தினேன், பெடல் கட்டைய மாத்தினேன். சக்கரத்த மட்டும் மாத்தல. அத மாத்தினா நான் வாங்கினது தப்புன்னு ஆயிருமில்லீங்களா. இல்ல, அப்பிடி நெனைக்கல. அடுத்த மாசம் வளந்துருவான்னு நெனச்சேன்.

விழுந்துக்கிட்டேதான் இருந்தா. பின்சக்கரத்த இழுக்கறப்ப முட்டுதுங்கப்பா, ஒதுங்க எடமில்லீங்கப்பான்னு சொல்லுவா. பழகினாச் சரியாயிரும் அம்மணின்னு சொல்லுவேன். போன சனவரியில ஒரு போட்டி. சிமெண்டுக் குழாய் ஒண்ணு, இடுப்பு ஒசரம். அது முன்னால போயி நின்னுட்டா. ஒத்தச் சக்கரத்துல அங்கயே துள்றா, துள்றா, ஏற மாட்டேங்கறா. நேரம் போகுது. நான் ஏறு அம்மணி, ஏறுன்னு கத்தினேன். என் சத்தத்துக்கு ஏறினா. சக்கரம் விளிம்புல பட்டுச்சு. கைய ஊனி விழுந்தா. மணிக்கட்டு போச்சு.

எந்தக் கையா? எடது கைங்க. ஏன் கேக்கறீங்க?

சரி, கேளுங்க. ஆஸ்பத்திரியில மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வெச்சிருக்காங்க. அவளுக்கு ஆறுதலா இருக்கட்டுமேன்னு பக்கத்துல உக்காந்து சொன்னேன். உன்ர தப்பு இல்ல கண்ணு, நீ ஒரு ரெண்டு இஞ்சு வளந்திருந்தீன்னா ஏறியிருப்பீன்னு. ஆறுதலாத்தானுங்க சொன்னேன். செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டா. அன்னிக்குத் திரும்பினவதான்.

ஆறு மாசம் ஆச்சு. சண்டை போட்டாக்கூடப் பரவாயில்லீங்க. தட்டு வெப்பா, தண்ணி வெப்பா, கேட்டதுக்கு ம் சொல்லுவா. அப்பான்னு ஒரு வார்த்தை இல்ல. இருபத்தாற க்ளப்புக்கே குடுத்து அனுப்பிச்சுட்டா. இனி சைக்கிளே வேண்டாம்னு அவங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கா. நானும் இவ மனசு விட்டுப்போச்சுன்னு நெனச்சு நெனச்சுச் சோறு எறங்காமக் கெடக்கறேன். கம்பெனி வேலைக்குப் போறா, வர்றா. ஞாயித்துக்கெழமயானா விடியறப்பவே பஸ் ஏறிருவா, கோயமுத்தூர்ல கூடப் படிச்ச புள்ள வீட்டுக்கு. சாயங்காலம் வர்றப்பப் பாத்தா மண்ணுலயும் வேர்வையிலயும் துணி நாசமா இருக்குது. அந்தப் புள்ள வீட்டுல தோட்டம் இருக்குதாம். முழங்காலுக்குக் கீழ புதுசா ஒரு சிராய்ப்பு. ஸ்கூட்டர் ஸ்டாண்டு இடிச்சிருச்சுன்னு அவங்கம்மா சொன்னா. சைக்கிள விட்டும் அடிபட்டுக்கிட்டுத்தான் இருக்கா, பாவம்.

இப்ப பெங்களூர்ல வேலை கெடச்சிருக்குது. அடுத்த வாரம் போறா. நேத்து எம்பொண்டாட்டி பூங்கொடி துணி மடிச்சுக்கிட்டே சொல்றா, அவ போனா நோம்பிக்கு வருவா, பொங்கலுக்கு வருவா, ஒறம்பரையாட்டம் வந்துட்டுப் போவா, உங்களுக்குன்னு வர மாட்டாங்கறா. கத்தலீங்க. சும்மா துணி மடிச்சுக்கிட்டே சொன்னா. ராத்திரியெல்லாம் ரோசனை பண்ணினேன். நான் கெடுத்தது சைக்கிள்ல. சைக்கிள்லயேதான் சரி பண்ணோணும். அவ போறதுக்குள்ள சரியான அளவுல ஒண்ணக் கொண்டுபோயி அவ முன்னால நிறுத்திப்போடறேன். ஞாயித்துக்கெழம ஒரே ஒருக்கா ஏறினாப் போதும். அப்பான்னு சொல்லிருவா.

அதுதான் தம்பி, எது சரியான அளவு? இருபதுன்னுதான் கெளம்பினேன். வீட்ட விட்டு வர்றப்பத் தெளிவாத்தான் இருந்தேன். அவினாசி தாண்டறதுக்குள்ள கொழம்பிப்போச்சு. நாலு வருசம் பெருசுல பழகினவ. மறுபடி சின்னதக் குடுத்தா, உன்னால அவ்வளவுதான் முடியும்னு அப்பன் சொல்றான்னு நெனச்சுக்க மாட்டாளா? போன்ல தேடினேன். இவளையாட்டம் குட்டையா ஒருத்தி இருபத்தாறுல மலை மாதிரி பாறை ஏறுறா. ஆறடி ஆளு ஒருத்தன் இருபதுல ஏறுறான். அப்ப ஒயரத்துக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லையா? ஒருத்தரு சொல்றாரு, சின்னது லேசு, நின்ன எடத்துல திரும்பும், ஆனா எல்லாத்தையும் துள்ளித்தான் தாண்டோணும்னு. இன்னொருத்தரு பெருசு உருண்டு போயிரும், ஆனா அதத் தூக்கி எறியறதுக்கு ஒடம்பு நீளம் வேணும்ங்கறாரு. மூணாவதா ஒருத்தரு ரெண்டும் வேண்டாம், இருபத்துநாலு வாங்குங்கங்கறாரு. இருபத்துநாலு வாங்கினா ரெண்டு பக்கமும் பொதுவாப் போயிருமில்லீங்களா? பேசாம அதையே குடுத்துருங்க. இல்ல, இருங்க. அவ அதப் பாத்தவொடனே கண்டுபுடிச்சுருவா, அப்பனுக்கு முடிவெடுக்கத் தெரியலைன்னு.

அளவு கொண்டாந்திருக்கேன். ஆளு இல்லாட்டி என்னங்க, அளவு இருக்குதில்ல. கொடியில காஞ்ச அவ சுடிதார் டாப்பையும் பேண்டையும் எடுத்து அளந்தேன். இந்தாங்க சீட்டு. உள்கால் இருபத்தேழு இஞ்சு. கை இருபத்தொண்ணு. ஒயரம் அஞ்சடி ஒரு இஞ்சு.

என்னங்க? ஆமா, நாலடி பதினொண்ணுன்னுதான் சொன்னேன். ஆமாங்க.

சரி, ரெண்டு இஞ்சு சேத்து எழுதிட்டேன். கை அதுவாப் போகுது தம்பி. இருபத்தெட்டு வருசப் பழக்கம். அத அடிச்சுட்டு நாலடி பதினொண்ணுன்னு எழுதிக்கங்க. உள்கால்லயும் ஒரு அரை இஞ்சு கொறைச்சுக்கங்க. ஒரு இஞ்சாவே கொறைச்சுக்கங்க.

பேரா? பேரு எதுக்குங்க இப்ப? பில்லு அப்பறம் போடலாம். சிந்துஜா. இனிசியலு செ. செ. சிந்துஜா.

ஏன் தம்பி அப்பிடிப் பாக்கறீங்க?

தெரியுமா? எப்பிடித் தெரியும்? க்ளப்புல பாத்திருப்பீங்க. அதில்லையா? இங்கயா? இந்தக் கடைக்கா வந்தா? எப்ப?

ஏப்ரல்ல.

ஒத்தையாவா வந்தா? கட்டுப் பிரிச்சு ஒரு மாசம்கூட ஆகியிருக்காதே. கையில வலி இல்லையாமா? என்ன சொன்னா, எந்தச் சைக்கிள் வேணும்னா? நீங்க அளந்தீங்களா? அவளே சொன்னாளா. ஒவ்வொண்ணா ஏறிப் பாத்தாளா. எவ்வளவு நேரம்? ஒரு நாள் பூராவுமா. நீங்க விட்டீங்களா? பெரிய மனசுங்க உங்களுக்கு. நான் ஒரு மணி நேரம்கூட விட்டதில்ல.

அப்ப ஞாயித்துக்கெழம. அந்தப் புள்ள வீடு. தோட்டம்.

பின்னால இருக்கற காலி எடத்துலயா? எல்லா ஞாயித்துக்கெழமயுமா? மழை பேஞ்சாலுமா? சைக்கிள இங்கயே நிறுத்திட்டுத்தான் பஸ் ஏறுறாளா. அவங்கம்மாவுக்குத் தெரியுமாட்ட இருக்குது. ஸ்டாண்டு இடிச்சுதுன்னு எவ்வளவு அழகாச் சொன்னா பாருங்க.

ஒரு சேர் குடுங்க தம்பி. கொஞ்சம் உக்காந்துக்கறேன்.

அவ சைக்கிள விடலீங்க. என்னையத்தான் விட்டிருக்கா. இத்தன நாளா நான் தலைகீழா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். சைக்கிளக் கண்டா அவளுக்கு ஆகாது, அதனால என்னையக் கண்டா ஆகலைன்னு. துணிய அளந்து சீட்டு எழுதிக்கிட்டு வந்திருக்கேன் பாருங்க, அவ ஏறிப் பாத்து எடுத்துட்டுப் போன கடைக்கே.

நல்லா ஓட்டறாளா? விழறாளா? விழுந்தா எந்திரிச்சுச் சிரிக்கறாளா? சிரிக்கறாளா. சரிங்க. அதக் கேட்டாப் போதும்.

எங்கப்பாகிட்டச் சொல்லாதீங்கன்னு சொல்லி வெச்சாளா? அப்பிடிச் சொல்லியிருந்தா நீங்க எங்கிட்டச் சொன்னதுக்கு உங்க மேல கோவப்படுவா, அதுக்குக் கேக்கறேன். இல்லையா? அப்ப என்னையப் பத்தி என்னதான் சொன்னா? திட்டினாளா? திட்டினாச் சொல்லுங்க தம்பி, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ஒண்ணுமே சொல்லலையா. மூணு மாசத்துல ஒருக்காக்கூடவா? நீங்க அப்பன் இல்லாத புள்ளைன்னு நெனச்சுக்கிட்டீங்களா. சரி. சரிங்க. அப்பிடித்தான நெனைக்கத் தோணும்.

ஞாயித்துக்கெழமப் போட்டிக்குப் பேரு குடுத்துட்டாளா? குடுத்துட்டாளா. நான் வருவேன்னு சொல்ல முடியாதுங்க. என்னையக் கண்டதும் காலு தரையில பட்டுருச்சுன்னா? சத்தம் போடாம நிக்க என்னால முடியுமான்னு எனக்கே நம்பிக்கை இல்ல. நீங்க போவீங்கல்ல? போயிட்டு வந்து போன் பண்ணுங்க. ஜெயிச்சாளான்னு வேண்டாம். எறங்கறப்ப மொகம் எப்பிடி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. நம்பர் அந்தச் சீட்டுலயே எழுதியிருக்கேன்.

உள்ளயா இருக்குது? அந்தக் கதவுக்கு அக்கட்டயா? வேண்டாங்க, தொறக்காதீங்க. பாத்தா என் கை சும்மா இருக்காது. கைப்பிடிய ஒரு அரை இஞ்சு எறக்கோணும்னு தோணும். எந்த அளவு எடுத்தான்னும் சொல்லாதீங்க. நீங்க சொல்லிட்டீங்கன்னா அது சரியா தப்பான்னு நான் ரோசனை பண்ண ஆரம்பிச்சுருவேன். அவ எடுத்தா. அவளுக்குச் சரியா இருக்குது. முடிஞ்சுது. எனக்கு எதுக்குங்க அது? நான் வந்தேன்னு அவகிட்டச் சொல்ல வேண்டாம். வர்றேனுங்க தம்பி.

இல்லீங்க, ஒண்ணும் மறந்துட்டுப் போகல. வண்டிய எடுத்துட்டேன், சிக்னல் வரைக்கும் போயிட்டேன். திருப்பிக்கிட்டு வந்துட்டேன். வாயத் தொறந்து சொல்ல வேண்டாம் தம்பி, தலைய மட்டும் ஆட்டுங்க. இருபதுதானுங்களே?